லிஸ்பனில் முதல் அறிமுகம்: தமிழ் வழியாகக் கொஞ்சம் போர்த்துகீசியம்

போர்ச்சுகலுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் போர்த்துகீசியம் படிக்கத் தொடங்குகிறார்கள். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் படித்தேன். விளக்கமும் ஆங்கிலத்தில், உச்சரிப்பும் ஆங்கில பாணியில். நாக்கு ஒத்துழைக்கவே இல்லை. ஒருநாள் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஒலியிலும் சரி, மரியாதையிலும் சரி, பதில் சொல்லும் முறையிலும் சரி, இந்த மொழி பல இடங்களில் நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அந்த மூன்று மாதத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எழுதுவது போர்ச்சுகல் பேச்சு. பிரேசில் பேச்சின் ஒலி வேறு, சில சொற்களும் வேறு. கைப்பேசிச் செயலிகள் பலவும் கற்றுத்தருவது பிரேசில் பேச்சைத்தான். அதைப் படித்துவிட்டு வந்தால் நீங்கள் சொல்வது இங்கே எல்லோருக்கும் புரியும். அவர்கள் சொல்வதுதான் உங்களுக்குப் புரியாது. ஆகவே செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது 'ஐரோப்பியப் போர்த்துகீசியம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

காது பழக வேண்டும்

முதல் வாரம் வாக்கியம் எதுவும் வேண்டாம். ஒலிகள் மட்டும் போதும்.

நம் 'த' தான் அவர்களுடைய த. ஆங்கிலத்தில் பழகிய 'ட', 'ட்ட' வாடையே கூடாது. 'தலை' என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறதே, அதே இடம். இதில் நமக்குப் பயிற்சியே தேவையில்லை.

அடுத்தது இன்னும் நல்ல செய்தி. தமிழில் 'அது' என்ற சொல்லில் த மெலிகிறது, 'பகல்' என்பதில் க மெலிகிறது. இரண்டு உயிருக்கு நடுவே வரும்போது இந்த மொழியிலும் ப, த, க-வின் அதிரும் ஒலிகள் இப்படியே மெலியும். நன்றி என்பதற்கான 'ஒப்ரிகாது' என்ற சொல்லைத் தமிழில் எழுதியபடி இயல்பாகப் படித்தாலே போதும், லிஸ்பன்காரர் சொல்வதற்கு மிக அருகில் வந்துவிடும். கடைசியில் வரும் 'து' கூட நம் குற்றியலுகரம் போலத்தான், பாதி விழுங்கிய உகரம். வல்லொலி வேண்டிய இடத்தில் நம் வழக்கப்படி எழுத்தை இரட்டித்திருக்கிறேன். சொல்லின் முதலில் வரும்போது மட்டும் கவனம் வேண்டும். 'போம்' என்பதில் வருவது 'பயம்' என்னும் சொல்லின் ப. ரொட்டியைக் குறிக்கும் 'பௌன்' என்பதில் வருவது 'பழம்' என்னும் சொல்லின் ப.

அப்புறம் மூக்கொலி. வெளிநாட்டவர் எல்லோரும் தடுமாறும் இடம் இது. நமக்கோ தினமும் பேசுவது. 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசியில் உதடு ஒட்டுவதில்லை, உயிரொலியை மூக்கால் முடிக்கிறோம். 'வந்தான்' என்பதும் பேச்சில் அப்படித்தான் முடிகிறது. ஆம் என்பதற்கு 'ஸின்', இல்லை என்பதற்கு 'நௌன்', நலம் என்பதற்கு 'பெய்ன்' என்று நான் எழுதியிருப்பதை எல்லாம் அதே மாதிரி மூக்கால் முடியுங்கள். ன்-ஐ அழுத்திச் சொன்னால் கெட்டுவிடும்.

'ஞ' நம்மிடம் அப்படியே இருக்கிறது. ஐயா என்பதற்கு 'ஸெஞோர்', அம்மா என்று மரியாதையாக விளிக்க 'ஸெஞோர'.

நமக்குப் புதிதாக இருப்பவை நான்கு. சொல்லின் கடைசியில் வரும் ஸ், லிஸ்பனில் ஷ் ஆகிவிடும். அழுத்தம் இல்லாத எகரம் ஏறக்குறைய மறைந்துபோகும். காதில் மெய்யெழுத்துகள் மட்டும் மோதுவது போலத் தோன்றுவது அதனால்தான். தேனீ ரீங்காரம் போல அதிரும் ஒரு ஸ உண்டு. 'ப்ரஸேர்', 'குஸிஞ' போன்ற சொற்களில் அது வரும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ர தொண்டையிலிருந்து எழும். வரவில்லை என்றால் நாக்கை உருட்டியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

காது பழக, தேசிய ஒளிபரப்பான ஆர்டிபி-யின் செய்தியை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். பொருள் புரிய வேண்டாம். வானிலை அறிக்கையை மட்டும் தினமும் கேட்டு, கூடவே முணுமுணுங்கள். சொன்ன சொற்களே திரும்பத் திரும்ப வரும், ஊர்ப் பெயர்களும் பழகிவிடும்.

நோட்டில் தமிழில் எழுதுவது தவறு என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். 1554-இல் இதே லிஸ்பனில் ஒரு சிறிய ஜெப நூல் அச்சானது. தமிழ் வரிகளை லத்தீன் எழுத்தில் போட்டு, சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியப் பொருளும் கொடுத்திருந்தார்கள். அவர்கள் நம் மொழியைப் படிக்கத் தங்கள் எழுத்தைப் பயன்படுத்தினார்கள். நாமும் அதையே செய்கிறோம்.

வாழ்த்து: நாளைக்கே தொடங்கலாம்

காலையில் 'போம் தீஅ'. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'போஅ தார்த்'. இருட்டியதும் 'போஅ நோய்த்'. இந்த இரவு வாழ்த்து விடைபெறும்போது மட்டும் சொல்வதல்ல. இரவில் ஒருவரைப் பார்த்ததுமே சொல்வது.

இங்கே வாழ்த்து யாரோ தெரிந்தவருக்கு மட்டும் உரியதல்ல. கடைக்குள் நுழையும்போது, மின்தூக்கியில் ஏறும்போது, மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் உட்காரும்போது, அங்கே இருப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போனால் முகம் சற்று இறுகும். நம்மூரில் தெரியாதவரைப் பார்த்தால் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வோம். அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எங்கே போனாலும் வாழ்த்து மட்டும் சொல்லிப் பாருங்கள். தெருமுனைப் 'பஷ்தெலரீஅ'வில் காபி போடுகிறவர் நாலாவது நாள் உங்களைப் பார்த்து அவரே முதலில் சொல்வார்.

அதே கடையில் 'உன் கஃபே, ஸெ ஃபாஷ் ஃபவோர்' என்று கேட்டால் சிறிய கோப்பையில் கடுங்காபி வரும். பால் வேண்டுமென்றால் 'மெய்அ தி லெய்த்'. 'ஸெ ஃபாஷ் ஃபவோர்' என்பது தயவுசெய்து என்பதற்கு இங்கே புழங்கும் சொல்.

நன்றி சொல்வதில் ஒரு புதுமை உண்டு. சொல்பவர் ஆண் என்றால் 'ஒப்ரிகாது', பெண் என்றால் 'ஒப்ரிகாத'. கேட்பவர் யார் என்பது கணக்கில்லை. தமிழில் தன்மையில் இந்த வேறுபாடு கிடையாது, 'வந்தேன்' என்பது இருவருக்கும் ஒன்றே. ஆகவே இது பழக நாளாகும். நான் கேட்டதெல்லாம் ஆண்கள் சொன்னது என்பதால் வெகுநாள் 'ஒப்ரிகாது' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி கையைப் பிடித்துத் திருத்தினார்.

பெயர்

'ஷாமு மெ' என்று சொல்லி உங்கள் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. இன்னும் இயல்பாகச் சொல்ல 'ஸோ' போதும். ஆண் பெயருக்கு முன் 'உ', பெண் பெயருக்கு முன் 'அ' சேர்ப்பார்கள். 'ஸோ உ முருகன்', 'ஸோ அ கவிதா'. எதிரில் இருப்பவரின் பெயரைக் கேட்க 'கோமு ஸெ ஷாம?' இளைஞர்களிடமும் குழந்தைகளிடமும் 'கோமு தெ ஷாமஷ்?' சொல்லி முடித்ததும் 'முய்ன்த்து ப்ரஸேர்', சந்தித்ததில் மகிழ்ச்சி. வெறும் 'ப்ரஸேர்' என்றாலும் போதும்.

நம் பெயர்களை அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்தில் இருக்கும் 'சந்திரா' இங்கே 'ஷந்த்ர' ஆகும். 'ஹரி' என்பதில் முதல் எழுத்து ஊமை, 'அரி' என்று அழைப்பார்கள். ஓர் அலுவலகத்தில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டும் அது நான்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் எண் போய்விட்டது, மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. மாறாக 'முத்து', 'செந்தில்' போன்ற பெயர்கள் ஏறக்குறைய நம் ஒலியிலேயே வரும்.

படிவங்களில் 'நோம் ப்ரோப்ரியு' என்றால் உங்கள் பெயர், 'அப்பெலீது' என்றால் குடும்பப் பெயர். நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாது. முன்னெழுத்து, அல்லது அப்பாவின் பெயர். இங்குள்ளவர்களுக்கு இரண்டு மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பது சாதாரணம், ஆகவே நம் வழக்கம் அவர்களுக்குப் புதிராக இருக்கும். இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'நௌன் தெஞு அப்பெலீது. எஷ்த் எ உ நோம் து மெவ் பாய்.' எனக்குக் குடும்பப் பெயர் இல்லை, இது என் அப்பாவின் பெயர் என்று பொருள். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எல்லா இடத்திலும் எழுதும்படி கேளுங்கள். வரி எண், சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால் பின்னால் அலைச்சல்.

ஊர், வேலை, வீடு

'தி ஒந்த் எ?' என்றால் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். 'ஸோ த இந்தியா', அல்லது 'ஸோ து ஸ்ரீலங்கா'. தென்னிந்தியா என்று குறிப்பாகச் சொல்ல 'ஸோ து ஸுல் த இந்தியா'. நாட்டினப் பெயரைச் சொல்வதாக இருந்தால் ஆண் 'இந்தியானு', பெண் 'இந்தியான'. 'இந்தியு' என்று சொல்லிவிடாதீர்கள், அது அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினரைக் குறிக்கும் சொல். இலங்கையிலிருந்து வந்தவர்களை 'ஸிங்கலேஷ்' என்று பொதுவாக அழைப்பவர்கள் உண்டு. அது சிங்களவருக்கான சொல். 'ஸோ தாமில்' என்று தெளிவாகச் சொல்லலாம். அப்போது தமிழ் என்றால் என்ன என்று கேட்பார்கள். 'ஃபாலு தாமில்', தமிழ் பேசுகிறேன்.

வேலையைச் சொல்ல 'ஸோ' உடன் தொழிலைச் சேர்த்தால் போதும். செவிலியர் என்றால் பெண் 'என்ஃபெர்மெய்ர', ஆண் 'என்ஃபெர்மெய்ரு'. மாணவர் இருபாலுக்கும் 'இஷ்துதான்த்'. சமையற்காரர் 'குஸிஞெய்ரு'. இடத்தைச் சொல்ல 'த்ரபால்யு' என்று தொடங்குங்கள். 'த்ரபால்யு ந குஸிஞ', சமையலறையில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தார் காதுக்கு இந்தக் குஸிஞ உடனே குசினியாகக் கேட்கும். பாண் என்பது அந்தப் 'பௌன்' தான், காலணியைக் குறிக்கும் சப்பாத்து என்பது 'ஸப்பாத்து', பெஞ்சைக் குறிக்கும் வாங்கு என்பது 'பாங்க்கு'. தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் சொத்து குறைவில்லை: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பொத்தான், துவாலை, அன்னாசி. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நம் கரையில் பழகியவர்கள் விட்டுப்போன சொற்கள் இவை. வீடு பார்க்கப் போகும்போது இவற்றிலேயே பாதி உரையாடல் நடந்துவிடும்.

வசிக்கும் இடத்துக்கு 'மோரு எய்ன் லிஷ்போஅ'. போர்த்து நகரம் என்றால் 'மோரு நு போர்த்து'.

'ஸோ', 'இஷ்தோ' இரண்டுமே இருக்கிறேன் என்பதுதான். பெயர், ஊர், தொழில் போல ஒட்டிக்கொண்டிருப்பவற்றுக்கு 'ஸோ'. இப்போதைய நிலைக்கு 'இஷ்தோ'. களைப்பாக இருக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் 'இஷ்தோ கன்ஸாத'. தொலைபேசியை எடுத்ததும் இவர்கள் 'தோ?' என்று இழுப்பதும் இந்த இஷ்தோதான்.

கேள்வியும் பதிலும் நம் மாதிரியே

எனக்கு இந்த மொழி மேல் பாசம் வந்தது இந்த இடத்தில்தான். தமிழில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் 'ஆம்' என்று சொல்வதில்லை, 'சாப்பிட்டேன்' என்கிறோம். இங்கும் அப்படியே. 'ஃபால புர்த்துகேஷ்?', போர்த்துகீசியம் பேசுவீர்களா? பதில்: 'ஃபாலு', பேசுவேன். 'ஃபாலு உன் போக்கு', கொஞ்சம் பேசுவேன். 'தெய்ன் ஃபீல்யுஷ்?', பிள்ளைகள் உண்டா? 'தெஞு', உண்டு. 'கோஷ்த தி புர்த்துகால்?', போர்ச்சுகல் பிடித்திருக்கிறதா? 'கோஷ்து முய்ன்த்து', ரொம்பப் பிடிக்கும். கடைசியாகச் சொன்ன கேள்வி நிச்சயம் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

'நான்', 'நீ' என்று சொல்லாமலே வினையின் வாலில் ஆள் தெரிவதும் நம் வழக்கம்தானே. 'ஃபாலு' என்றால் நான், 'ஃபாலஷ்' என்றால் நீ, 'ஃபால' என்றால் அவர் அல்லது மரியாதையான நீங்கள். கேள்விக்குச் சொற்களை இடம் மாற்ற வேண்டாம், குரலை உயர்த்தினால் போதும்.

'கோமு இஷ்தா?' என்று நலம் கேட்டால் பாடப்புத்தகம் 'பெய்ன், ஒப்ரிகாது' என்று கற்றுத்தரும். தெருவில் அதிகம் கேட்பது 'வாய்-ஸெ அந்தாந்து'. 'ஏதோ ஓடிக்கிட்டிருக்கு' என்பதற்கு இதைவிடச் சரியான சொல் கிடைக்காது. வயதானவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

மரியாதை

நீ, நீங்கள் என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இது புரியும். ஆங்கிலம் வழியாக வருகிறவர்களுக்குத்தான் குழப்பம். 'து' என்றால் நீ. நண்பர்கள், குழந்தைகள், உடன் வேலை செய்யும் சம வயதினர் ஆகியோருக்கு. பெரியவர்கள், அதிகாரிகள், தெரியாதவர்களிடம் 'உ ஸெஞோர்', 'அ ஸெஞோர'. நடுவே 'வொஸே' என்று ஒரு சொல் பாடங்களில் வரும். பிரேசிலில் அது சாதாரணம். போர்ச்சுகலில் பலர் காதுக்கு அது வெடுக்கென்று இருக்கும், குறிப்பாகப் பெரியவர்களுக்கு. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நாம் ஒரு பெண்ணிடம் 'அக்கா காபி சாப்பிடுறீங்களா?' என்று நீங்களைச் சொல்லாமலே கேட்கிறோமே, இங்கும் பெயரையே அப்படி வைத்துக் கேட்பார்கள். 'அ மரீஅ கெர் கஃபே?' எதிரில் நிற்கும் மரியாவிடமே கேட்பது இது. வயதில் மூத்த பெண்ணின் பெயருக்கு முன் 'தோன' சேர்ப்பது மரியாதை. பட்டம் பெற்றவர்களை அலுவலகங்களில் 'தொத்தோர்' என்று அழைப்பதும் வழக்கம், மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. எதுவுமே நினைவுக்கு வரவில்லையா, பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் 'ஃபால?', 'கெர்?' என்று சொல்லுங்கள். அதுவே மரியாதை வடிவம்.

அறிமுகத்தில் உடலும் பேசும். ஆண்கள் ஒருவருக்கொருவர் கைகுலுக்குவார்கள். பெண்கள் தங்களுக்குள்ளும், ஆணும் பெண்ணும் நட்புச் சூழலில் சந்திக்கும்போதும், கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முத்தம். 'பெய்ஜிஞுஷ்' என்று பெயர். அலுவலகக் கவுண்டரில் இது கிடையாது, வீட்டு விருந்தில் உண்டு. நம் பெண்களுக்கு ஆரம்பத்தில் இது கூச்சமாக இருக்கும். விருப்பமில்லை என்றால், அவர் நெருங்கும் முன்பே சிரித்த முகத்தோடு கையை நீட்டிவிடுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

புரியாமல் போகும்போது

முதல் ஆறு மாதம் அதிகம் தேவைப்படுவது இந்த நான்கு வரிகள்தான். தாளில் எழுதிக் கைப்பேசி உறையில் வையுங்கள்.

'நௌன் பெர்ஸெபீ.' புரியவில்லை.
'போத் ரெப்பெத்தீர்?' மறுபடி சொல்ல முடியுமா?
'மாய்ஷ் தெவகார், ஸெ ஃபாஷ் ஃபவோர்.' இன்னும் மெதுவாக.
'இஷ்தோ அ அப்ரேந்தேர் புர்த்துகேஷ்.' போர்த்துகீசியம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது வரி முக்கியம். நீங்கள் தடுமாறியதும் இளைஞர்கள் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உதவுவதாக நினைத்துத்தான். இந்த வரியைச் சொன்னால் பெரும்பாலோர் மொழியை மாற்றாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது சந்தைக் கடைகளும் பூங்கா பெஞ்சுகளும். காலை பத்து மணிக்குப் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்கு நேரமும் இருக்கிறது, பேச ஆசையும் இருக்கிறது.

வகுப்பு

குடியேறியவர்களுக்காக அரசு நடத்தும் இலவச வகுப்பு உண்டு. 'வரவேற்பு மொழியாகப் போர்த்துகீசியம்' என்ற பொருளில் பிஎல்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அரசுப் பள்ளிகளிலும் ஐஇஎஃப்பி வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி மையங்களிலும் நடக்கிறது. மாலை வகுப்புகளும் உண்டு. தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 இரண்டும் சேர்ந்து 150 மணி நேரம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், வந்த வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள். வகுப்புக்குப் போக வழியில்லாதவர்கள் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் காப்லெ மையம் நடத்தும் 'ஸிப்லெ' தேர்வை எழுதலாம். அது ஏ2 நிலைக்கானது. வகுப்புக்கு இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும் நாட்களில், மேலே சொன்னவற்றைத் தெருவில் பழகிக்கொண்டே இருங்கள்.

விடைபெறுதல்

'அத்தே லோகு' என்றால் அப்புறம் பார்ப்போம். 'அத்தே அமஞான்' என்றால் நாளை வரை. கடைக்குப் போய்ச் சற்று நேரத்தில் திரும்புவதாக இருந்தால் 'அத்தே ஜா', நம் 'போயிட்டு வரேன்' மாதிரி. தொலைபேசியிலோ வாசலிலோ பேச்சு முடியும் நேரத்தில் 'எந்தௌன் வா' என்று ஒலிக்கும். தமிழ்க் காதுக்கு அந்த 'வா' உள்ளே கூப்பிடுவது போல இருக்கும். 'சரி அப்ப, கிளம்பட்டுமா' என்பதுதான் அதன் பொருள். நீங்களும் 'வா' என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.